கவிஞர் சாட்சி சொல்ல வந்தால்: முகம்மது யாமீனின் வாழ்வும் வரலாறும்

ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் கோபுரம் பதினொரு நிலைகளும் ஏறத்தாழ 190 அடி உயரமும் உடையது. தமிழ்நாட்டு அரசின் முத்திரையில் இடம்பெற்றிருப்பது இக்கோபுரமே என்று ஊரார் உறுதியாகச் சொல்வர். பாடநூல்களும் அவ்வாறே சொல்லி வந்துள்ளன. அம்முத்திரையை வரைந்த ஓவியர் மாதிரியாகக் கொண்டது மதுரைக் கோயிலின் மேற்குக் கோபுரத்தை என்றொரு கருத்தும் உண்டு. முத்திரை உருவானது 1949இல். அவ்வாண்டு ஏப்ரலில் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானவர் பக்கத்து ஊரான இராசபாளையத்தைச் சேர்ந்த பூ. ச. குமாரசாமி ராஜா. இத்தற்செயல் ஊரார் கூற்றுக்கு வலுவூட்டுவதாகச் சிலர் கொள்வர். முதலமைச்சரின் ஊர் எது என்பது கோபுரம் எது என்பதற்குச் சான்றாகாது. இவ்வளவுக்கும் அக்கோபுரத்தின் கீழே பொறிக்கப்பட்டிருப்பது ‘வாய்மையே வெல்லும்’ என்னும் தொடர்.

புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் எல்லாவற்றுக்கும் இத்தகைய சின்னங்கள் தேவைப்பட்டன. அதே 1949ஆம் ஆண்டின் இறுதியில், டிசம்பர் 27 அன்று, டச்சு அரசு இந்தோனேசியாவின் இறைமையை ஒப்புக்கொண்டது. அந்நாட்டுக்குக் கொடியின் வரலாறு, மாவீரனின் முகம், மொழிக்கான உறுதிமொழி, அரசியலமைப்பின் பிறப்புக் கதை ஆகிய அனைத்தையும் எழுதித் தந்தவர்களுள் முதன்மையானவர் ஒரு முஸ்லிம் வழக்கறிஞர், கவிஞர், நாடக ஆசிரியர். முகம்மது யாமீன் என்பது அவர் பெயர். நம் தமிழ் முஸ்லிம் வாசகர்களிடையே சுகர்ணோவும் ஹத்தாவும் மௌலானா ஹம்காவும் அறியப்பட்ட அளவுக்கு இவர் அறியப்படவில்லை. அவர் வாழ்வு எழுப்பும் வினாவோ நமக்கு மிக அண்மையது. ஒரு சமுதாயத்தின் மீது கொண்ட பேரன்பால் ஒருவர் சொல்லும் செய்தியை அவ்வன்பின் பொருட்டே ஏற்கலாமா என்பதே அது.

யாமீன் 1903 ஆகஸ்டில் மேற்குச் சுமத்திராவில் சாவாலுந்தோ அருகேயுள்ள தலாவி என்னும் சிற்றூரில் பிறந்தார். அது மினாங்கபாவ் மக்களின் நிலம். அம்மக்கள் இஸ்லாத்தில் பற்று மிக்கவர்கள்; அதே வேளையில் வீடும் வயலும் தாய்வழியே செல்லும் பண்டை வழக்கத்தையும் விடாதவர்கள். மணமான பின்னும் பெண்மக்கள் தாய்வீட்டிலேயே வாழும் காயல்பட்டின வழக்கத்தை அறிந்த நம் வாசகர்களுக்கு இது பெரு வியப்பாக இராது. வழக்கம் ஷரீஅத்தைச் சார்ந்தது, ஷரீஅத் வேதத்தைச் சார்ந்தது என்பது அம்மக்களின் பழமொழி. மொழியளவில் இச்சிக்கல் தீர்ந்துவிடுகிறது. வழக்குமன்றத்தில் தீரவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

அந்நிலத்துக்கும் நமக்கும் உள்ள உறவு பழமையானது. சுமத்திராவின் மேலைக் கரையில் பாரூஸ் அருகே லோபு துவா என்னுமிடத்தில் கி.பி. 1088ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்தது அது. அந்தப் பாரூஸைத்தான் அரபு நூலோர் ‘ஃபன்ஸூர்’ என்றனர். மலாய்ச் சூஃபிக் கவிஞர் ஹம்ஸா ஃபன்ஸூரியின் பெயரில் ஒட்டியிருப்பதும் அவ்வூரே. மலாய் மொழியில் கப்பல் ‘கப்பால்’ ஆகவும், கடை ‘கெடாய்’ ஆகவும், முதல் ‘மோடால்’ ஆகவும் வழங்குகின்றன. சமயப் பெரியாரைக் குறிக்கும் ‘லெபாய்’ என்னும் சொல் நம் லெப்பையே. மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவி முறை நம் அரபுத்தமிழின் உடன்பிறப்பு. ஹாலந்துக்காரரின் கிழக்கிந்தியக் கும்பினியும் இவ்விரு கரைகளையும் ஒரே கணக்கேட்டில் எழுதியது. பழவேற்காடும், 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினமும் அதன் கையில் இருந்தன. அங்கிருந்து புறப்பட்ட துணிப்பொதிகள் பத்தாவியாவுக்குச் சென்றன. பத்தாவியாதான் இன்றைய ஜகார்த்தா.

யாமீன் பாலெம்பாங்கில் டச்சுத் தொடக்கப் பள்ளியில் பயின்றார். வேளாண்மையும் கால்நடை மருத்துவமும் கற்க முயன்று அவற்றில் நிலைக்காமல், யோக்யாகர்த்தாவின் உயர்நிலைப் பள்ளியில் கீழைத்தேய மொழிகளில் ஈடுபட்டார். சமஸ்கிருதமும் பழைய ஜாவா மொழியும் அவருக்கு அறிமுகமானது அங்கேதான். 1927இல் அப்படிப்பை முடித்து, பத்தாவியாவின் சட்டக் கல்லூரியில் சேர்ந்து 1932இல் சட்டப் பட்டம் பெற்றார்.

அதற்கு நெடுநாள் முன்பே அவர் கவிஞராக அறியப்பட்டிருந்தார். 1920இல், பதினேழு வயதில், சுமத்திர இளைஞர் சங்கத்தின் இதழில் ‘தாயகம்’ என்னும் பொருள்படும் பாடலை வெளியிட்டார். 1922இல் அதே பெயரில் சிறு நூலும் வந்தது. மலாய்க் கவிதையில் அதுகாறும் கோலோச்சியவை நாலடிப் பந்துனும் அரபுப் பெயர் தாங்கிய ஷாயிரும். யாமீன் ஐரோப்பியரின் பதினான்கடிப் பாவை அம்மொழிக்குக் கொணர்ந்தார். புதிய யாப்பில் பழைய மொழியின் இசையை விடாமல் எழுதியதே அவர் திறம். அக்கவிதைகளில் ‘தாயகம்’ என்பது சுமத்திராத் தீவு மட்டுமே என்பதை வாசகர் கருத்தில் இருத்த வேண்டும். எட்டாண்டுகளுக்குப் பின் 1928இல் அவர் வெளியிட்ட ‘இந்தோனேசியா, என் குருதி சிந்திய மண்’ என்னும் பொருள்படும் தொகுப்பில் தாயகம் தீவுக்கூட்டம் முழுவதுமாக விரிந்துவிட்டது. ஒரு மனிதனின் தாயகம் எட்டாண்டில் எவ்வாறு வளர்ந்தது என்பதற்கு இவ்விரு நூல்களே ஆவணம்.

இவ்வளர்ச்சியின் நடுவே நிற்பது மொழி. 1926இல் கூடிய முதல் இளைஞர் மாநாட்டில் பொது மொழி பற்றிய தீர்மான வரைவை யாமீன் எழுதினார். அதில் ‘மலாய்’ என்றிருந்தது. நாடு இந்தோனேசியா, மக்கள் இந்தோனேசியர் என்றால் மொழியின் பெயரும் அதுவாகவே இருக்க வேண்டும் என்று மாநாட்டுத் தலைவர் தப்ரானி மறுத்தார், முடிவு ஒத்திவைக்கப்பட்டது. 1928 அக்டோபர் 27, 28 ஆகிய நாள்களில் பத்தாவியாவில் கூடிய இரண்டாம் மாநாட்டில் யாமீன் செயலாளர். இறுதி அமர்வில் ஒருவர் உரையாற்றிக்கொண்டிருக்கையில் ஒரு தாளில் மூன்று வரிகளை எழுதித் தலைவர் சுகொந்தோவிடம் அவர் நீட்டியதாகச் சொல்வர். ஒரே தாய்நாடு, ஒரே தேசம், ஒன்றிணைக்கும் மொழியாகிய இந்தோனேசிய மொழியைப் போற்றுதல் என்பவையே அவை. மூன்றாவது உறுதி முதலிரண்டிலிருந்து வேறுபடுவதைக் கவனிக்க வேண்டும். ‘ஒரே மொழி’ என்று அதில் இல்லை. பிற மொழிகளை விலக்காமல் ஒரு மொழியைப் பொதுவாக உயர்த்துவது அது. அக்காலத்தில் மிகுதியானோர் பேசிய மொழி ஜாவா மொழி. அதை விடுத்து, துறைமுகங்களிலும் கடைத்தெருக்களிலும் மதரஸாக்களிலும் பொதுவாக வழங்கிய, பெரும்பாலோர்க்குத் தாய்மொழியல்லாத மலாயை ஜாவாக்காரரும் ஏற்றனர். ஏற்க மனமிருந்தது என்பதோடு, பேசுவோன் உயர்ந்தோனா தாழ்ந்தோனா என்று பார்த்துச் சொல்லை மாற்ற வேண்டிய ஜாவா மொழியின் அடுக்குகள் மலாயில் இல்லை என்பதும் காரணம். 1937-38இலும் 1965இலும் மொழிக்காகத் தமிழகம் பட்ட பாட்டை அறிந்த நாம், பெரும்பான்மையோர் தம் மொழியை முன்வைக்காது ஒதுங்கிய இவ்வரலாற்றைச் சற்றே பொறாமையுடன்தான் படிக்க வேண்டியுள்ளது.

இனி வழக்கறிஞர் யாமீன். டச்சு ஆட்சி மக்களை ஐரோப்பியர், சுதேசிகள், அயல்நாட்டுக் கீழைத்தேயத்தார் எனப் பகுத்து ஒவ்வொரு வகுப்புக்கும் வெவ்வேறு சட்டம் வகுத்தது. மேதான் நகரில் குடியேறிய நம் தமிழ் முஸ்லிம்களும் அரபியரும் சீனரும் மூன்றாம் வகுப்பில் அடங்கினர். சுதேசிகளுக்கு அவரவர் வழக்கமே சட்டம். இக்கொள்கைக்குப் பின்னே நின்றவர்களுள் ஒருவர், அப்துல் கஃப்பார் என்னும் பெயரில் 1885இல் மக்கா நகரில் தங்கியிருந்து திரும்பிய ஸ்நூக் ஹுர்க்ரோன்ய. ஷரீஅத் சட்டம் உள்ளூர் வழக்கம் ஏற்றுக்கொண்ட அளவுக்கே செல்லும் என்பது அவர் வழிவந்தோர் நிலைநாட்டிய கோட்பாடு. பத்தாவியாச் சட்டக் கல்லூரியில் வழக்காற்றுச் சட்டத்தின் பேராசிரியராக இருந்த தெர் ஹாரும் அம்மரபினரே. 1937இல் ஜாவாவிலும் மதுராவிலும் முஸ்லிம்களின் வாரிசுரிமை வழக்குகள் மார்க்க நீதிமன்றங்களின் கையிலிருந்து எடுக்கப்பட்டன. அதே 1937இல்தான் ஆங்கில இந்தியாவில் ஷரீஅத் சட்டம் நிறைவேறி, முஸ்லிம்களிடையே வாரிசுரிமை முதலியவற்றில் வழக்கத்தைப் பின்தள்ளி ஷரீஅத்தை முன்வைத்தது. விளைநிலங்களை மட்டும் அது தொடவில்லை. ஓராண்டில் இரு பேரரசுகளும் எதிரெதிர்த் திசையில் நடந்தன. நம் சட்ட வரலாறு பேசுவோர் இவ்வொப்பீட்டைத் தொடுவதே இல்லை.

இத்தகைய சட்டச் சூழலில் பட்டம் பெற்ற யாமீன் ஜப்பானியர் வரும் வரை பத்தாவியாவில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தார். 1939இல் டச்சு அரசு அமைத்த மக்கள் மன்றத்திலும் உறுப்பினரானார். அவரது சட்ட அறிவு மிளிர்ந்தது 1945 ஜூலையில். அரசியலமைப்பை வரைந்த குழுவில், நாடாளுமன்றம் இயற்றும் சட்டம் அரசியலமைப்புக்கும் வழக்காற்றுக்கும் ஷரீஅத்துக்கும் முரணாகுமா என்று ஒப்பிட்டு நோக்கும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு வேண்டும் என்றார் அவர். சட்ட அறிஞர் சூப்போமோ மறுத்தார்; நம்மிடம் அதற்கான வழக்கறிஞர்களும் அனுபவமும் இல்லை என்பது அவர் வாதங்களுள் ஒன்று. யாமீன் தோற்றார். 2001இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டு 2003இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தோன்றியபோது அவர் கேட்டதன் பெரும்பகுதி நிறைவேறியது. கவிஞர் யாமீனைக் காட்டிலும் இந்த யாமீன்மீது நமக்கு மதிப்பு மிகுதி.

அதே குழுவின் ஒன்பதின்மர் உட்குழுவில் சுகர்ணோ, ஹத்தா, ஹாஜி அகூஸ் ஸாலிம், வாஹித் ஹாஷிம் ஆகியோருடன் யாமீனும் இருந்தார். 1945 ஜூன் 22 அன்று அவர்கள் கையொப்பமிட்ட முன்னுரையில், முஸ்லிம்கள் ஷரீஅத்தைப் பின்பற்றும் கடமையைக் குறிக்கும் ஏழு சொற்கள் இடம்பெற்றன. அதற்கு ‘ஜகார்த்தா சாசனம்’ என்று பெயர் சூட்டியவர் யாமீன். ஆகஸ்ட் 18 அன்று, கிழக்குத் தீவுகளின் கிறித்தவர் பிரிந்து செல்லக்கூடும் என்ற அச்சத்தால், ஹத்தாவின் முயற்சியில் அவ்வேழு சொற்களும் நீக்கப்பட்டன. நீக்கியது சரியா தவறா என்பது அந்நாட்டு ஆலிம்களிடையே பின்னரும் ஓயாத விவாதம். அதில் தீர்ப்புரைக்க நாம் முற்படவில்லை.

நாடக ஆசிரியர் யாமீனிடம் வருவோம். வங்கக் கவி தாகூரின் படைப்புகளையும் சேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தையும் மொழிபெயர்த்துப் பழகிய கை அவருடையது. 1932இல் ‘தாரா தேவி உரைத்தால்’ என்னும் பொருள்படும் நாடகமும், 1934இல் ‘கென் ஆரோக்கும் கென் தெதெஸும்’ நாடகமும் வெளிவந்தன. பின்னதன் கதை பராரத்தோன் என்னும் பழைய ஜாவா ஏட்டிலிருந்து எடுத்தது. கென் ஆரோக் திருடனாயிருந்து, தான் பணி செய்த ஆளுநனைக் கொன்று, அவன் மனைவி கென் தெதெஸை மணந்து, 1222இல் சிங்கசாரி அரசை நிறுவியவன். இறுதியில் அதே குறுவாளால் மாண்டவன். மினாங்கபாவ் முஸ்லிம் ஒருவர் ஜாவாவின் இந்து-பௌத்தப் பழமையிலிருந்து ஏன் பொருள் தேடினார்? தன் ஊரின் கதையை எடுத்தால் அது சுமத்திராக் கதையாகிவிடும். தீவுகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு முற்காலம் அவருக்குத் தேவைப்பட்டது. மஜபாகித் பேரரசில் அதைக் கண்டார்.

இதில் தவறேதும் இருப்பதாக நாம் கருதவில்லை. முன்னோரின் வீரத்தையும் மொழியையும் நினைவுகூர்வதால் ஈமான் குறைந்துவிடாது. உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டை மழையும் வயலும் நிறைந்த தமிழ் மருதமாக வருணித்தார். கேட்டு இன்புற்ற நம் முன்னோர் எவரும் மக்காவில் நெல் விளைந்ததாக ஃபத்வா கொடுக்கவில்லை. காவியத்தின் உண்மை வேறு, ஸீராவின் உண்மை வேறு என்பது அவர்களுக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது.

யாமீனிடத்தில் சிக்கல் தொடங்குவது அவர் நாடக மேடையிலிருந்து இறங்கி வரலாற்றாசிரியராக அமர்ந்தபோது. மஜபாகித்தின் பெருமையைப் பாடும் நாகரகிருதாகமம் 1365இல் எழுதப்பெற்ற அரசவைக் காவியம். அதன் ஏடு உலகறிய வெளிவந்த விதம் விந்தையானது. 1894இல் டச்சுப் படை லொம்போக் தீவின் அரண்மனையைச் சூறையாடியபோது, உடன் சென்ற மொழியறிஞர் பிராந்தெஸ் எரியவிருந்த ஏடுகளிலிருந்து அதனை மீட்டார். டச்சுக்காரரை எதிர்க்கும் தேசியத்தின் மூல நூலையே டச்சுப் படையெடுப்புதான் கொண்டுவந்து தந்தது. அக்காவியத்தில் மன்னனுக்குத் திறை செலுத்துவனவாகப் புகழப்படும் ஊர்களின் பட்டியலை யாமீன் ஆட்சி எல்லையாகவே கொண்டார். 1945இல் நாட்டின் எல்லையைப் பற்றிய விவாதத்தில் மலாயாவும் வட போர்னியோவும் போர்த்துக்கீசியத் திமோரும் பப்புவாவும் சேர வேண்டும் என வாதிட்டபோது அக்காவியத்தையே சான்றாக நிறுத்தினார். வாக்களித்த 66 பேரில் 39 பேர் அவ்விரிந்த எல்லையை ஆதரித்தனர். புலவர் மன்னனைப் புகழ்ந்த பாடல் எல்லைப் பத்திரமாகிவிட்டது! நம் மெய்க்கீர்த்திகளைப் பத்திரமாகக் கொண்டு கடாரம் வரை பட்டா கேட்பதற்கு இது ஒப்பாகும்.

அடுத்தது முகம். மஜபாகித்தின் அமைச்சன் கஜா மாதாவைப் பற்றி 1940களின் நடுவில் அவர் ஒரு நூல் எழுதினார். அம்மாவீரன் எப்படி இருந்தான் என்பதற்கு எந்தச் சிற்பமும் இல்லை. தலைநகரிருந்த துரோவுலானில் கிடைத்த சுடுமண் துண்டு ஒன்றில் தடித்த கன்னமும் அகன்ற மூக்குமுள்ள ஒரு முகம் இருந்தது. அது காசு சேர்க்கும் உண்டியலின் பகுதி என்பர் தொல்லியலார். இதுவே கஜா மாதா என்று யாமீன் முடிவு செய்து நூலில் சேர்த்தார். அம்முகமே சிலைகளிலும் பாடநூல்களிலும் பரவிவிட்டது. அது யாமீனின் முகத்தையே ஒத்திருக்கிறது என்று அந்நாட்டார் நகையாடுவதும் உண்டு. 1950களின் தொடக்கத்தில் எழுதிய இன்னொரு நூலில், செவ்வெள்ளைக் கொடிக்கு ஆறாயிரம் ஆண்டு வயது என்றார். மூஸா நபியின் (அலை) படையில் ஆறு லட்சம் வீரர் இருந்தனர் என்று மஸ்ஊதி எழுதியதை இப்னு கல்தூன் தம் முகத்திமாவின் தொடக்கத்திலேயே எடுத்துப்போட்டு, அத்தனை பேர் எந்த நிலத்தில் அணிவகுத்திருப்பர் என்று கேட்டார். எண் பெருகுவதைக் கண்டால் செய்தியின் இயல்பைக் கேள் என்பது அவர் கற்பித்த முறை. ஆறாயிரமாண்டுக் கொடி அக்கேள்விக்கு ஒரு நொடியும் தாங்காது.

இவை பழங்காலத்தைப் பற்றியவை. பெரிய தீங்கில்லை என விட்டுவிடலாம். தான் நேரில் இருந்த ஓர் அவையைப் பற்றி அவர் தந்த அறிவிப்பை அவ்வாறு விட இயலாது. 1959இல் 1945ஆம் ஆண்டு அரசியலமைப்பின் தயாரிப்பு ஆவணங்கள் என ஒரு பெருந்தொகுப்பின் முதல் பகுதியை யாமீன் வெளியிட்டார். அதில் 1945 மே 29 அன்று அவர் ஆற்றியதாக ஒரு நீண்ட உரை உள்ளது. தேசியம், மனிதநேயம், இறைநம்பிக்கை, மக்களாட்சி, மக்கள் நலம் என்னும் ஐந்து கொள்கைகள் அவ்வுரையில் வருகின்றன. சுகர்ணோ ஐங்கொள்கையாகிய பஞ்சசீலாவை முன்மொழிந்ததோ அதற்கு மூன்று நாள் கழித்து, ஜூன் 1 அன்று. யாமீனின் நூலை நம்பினால் பஞ்சசீலாவின் தந்தை யாமீன் ஆகிவிடுகிறார். நூல் வெளிவந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1975இல், அவ்வவையில் இருந்த ஹத்தாவின் தலைமையில் ஐவர் குழு கூடி, ஐங்கொள்கையை முன்மொழிந்தவர் சுகர்ணோவே என்றது. அவையின் மூலக் குறிப்புகளை அலுவலரிடமிருந்து இரவல் பெற்ற யாமீன் அவற்றைத் திருப்பித் தரவில்லை என்பது அவர்மீதான குற்றச்சாட்டு. வேறு வழியில் காக்கப்பட்ட குறிப்புகளைப் பிற்கால ஆய்வாளர் ஒப்பிட்டபோது, நூலில் அச்சான உரை அன்று பேசியதோடு பொருந்தவில்லை என்று கண்டனர். 2016இல் இந்தோனேசிய அரசு ஜூன் 1ஐயே பஞ்சசீலா பிறந்த நாளாக அறிவித்தது.

ஹதீஸ் கலையைக் கற்ற நமக்கு இவ்விடத்தில் சொல்ல ஒன்றுண்டு. அறிவிப்பாளரை எடைபோடும் ஜர்ஹு-தஃதீல் கலையில் வணக்கமும் தியாகமும் ஒருபுறம், நினைவாற்றலும் துல்லியமும் மறுபுறம் நிறுக்கப்படும். மதீனாவில் கருவூலத்தையே நம்பி ஒப்படைக்கத்தக்க நல்லோர் பலரைக் கண்டும், இது அவர்கள் துறையன்று எனக் கருதி, அவர்களிடமிருந்து ஹதீஸ் பெறாமல் இருந்தார் இமாம் மாலிக் (ரஹ்). அந்நல்லோரின் நன்மையில் இமாமுக்கு ஐயமில்லை. அவர்கள் கூறும் செய்தியில்தான் ஐயம். தன் தரப்புக்கு ஆதரவான செய்தியை மட்டும் ஒருவர் தனித்து அறிவித்தால் கூடுதல் எச்சரிக்கை கொள்வதும் அக்கலையின் நெறி. மே 29 உரை யாமீனுக்கு ஆதரவாக யாமீனே அறிவித்தது; மூல ஏடும் அவர் கையில். எந்த முஹத்திஸும் இதனை ளயீஃப் என்றே எழுதியிருப்பார். அவரே வழக்கறிஞராக எதிர்த்தரப்பில் நின்றிருந்தால் இத்தகைய சாட்சியைக் குறுக்கு விசாரணையில் இரு நிமிடங்களில் வீழ்த்தியிருப்பார் என்பதும் உண்மை.

‘அஷ்-ஷுஅரா’ அத்தியாயத்தின் இறுதி வசனங்கள் கவிஞர்களைக் கடிந்து, ஈமான் கொண்டு நற்செயல் புரிந்தோரை விலக்களிக்கின்றன. அவ்விலக்கில்தான் ஹஸ்ஸான் (ரலி) முதல் நம் உமறுப் புலவர் வரை அனைவரும் நிற்கின்றனர். கவிஞர் பாடட்டும். பாடியதை ஆவணமென்று முத்திரையிடும்போதுதான் தடுக்க வேண்டியுள்ளது. நம் ஊர்களில் பள்ளிவாசல் ஆண்டு மலர்களைப் புரட்டினால் இது தொலைநாட்டுச் சங்கதியன்று என்பது விளங்கும். எழுத்துச் சான்று முந்நூறு ஆண்டுக்கு மட்டுமே உள்ள பள்ளிவாசலுக்கு ஆயிரத்து முந்நூறு வயது சொல்லப்படுகிறது; பெயர் தெரியாத கபுறு ஸஹாபியின் கபுறாகிறது. எழுதுவோர் நல்லோர்; சமுதாயத்தின் மீது மாறாப் பற்றுடையோர். ஆயின் மெய்யான பழமையைச் சொல்லும்போதும் பிறர் நம்பாத நிலையை இது உண்டாக்கிவிடுகிறது. கீழக்கரை சீதக்காதியைப் பாருங்கள். புலவர் பாடிய வள்ளல் ஒருபுறம். அக்காலத்து டச்சு ஆவணங்களில் சேதுபதியின் அவையில் செல்வாக்குடன் வணிகம் பேசும் பெரியதம்பி மரைக்காயர் மறுபுறம். இருவரையும் ஒருங்கே வைத்துப் பார்க்கையில் வள்ளலின் உருவம் சுருங்கவில்லை. அவர் கைப்பொருள் எங்கிருந்து வந்தது, எந்தத் துறைமுகத்தில் யாரோடு மல்லாடி ஈட்டினார் என்பதும் சேர்ந்து அது தெளிகிறது.

யாமீனின் அரசியல் வாழ்வைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1946 ஜூலை 3 அன்று நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியில் சம்பந்தப்பட்டுச் சிறை சென்று, 1948இல் மன்னிப்புப் பெற்றார். 1951இல் நீதி அமைச்சரானார். அமைச்சரவையின் இசைவு பெறாமல் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட அரசியல் கைதிகளை விடுவித்து, எழுந்த எதிர்ப்பில் இரண்டு மாதம் நிறையுமுன் பதவி விலகினார். சிறையை உள்ளிருந்து கண்ட கவிஞர் அமைச்சரானால் வேறென்ன செய்வார்! 1953 முதல் 1955 வரை கல்வி அமைச்சராயிருந்தபோது ஆசிரியர் பயிற்சிக்கான உயர்கல்லூரிகளை நாட்டின் பல பகுதிகளில் நிறுவினார். பின்னரும் பல பொறுப்புகள், இறுதியில் செய்தித்துறை.

1956இல் தொடங்கிய அரசியலமைப்பு மன்றத்தில் நாட்டின் அடிப்படை இஸ்லாமா பஞ்சசீலாவா என்ற விவாதம் மூன்றாண்டுகள் நடந்தது. மஸ்யூமிக் கட்சியின் சார்பில் இஸ்லாத்தை முன்வைத்தவர்களுள் மௌலானா ஹம்கா ஒருவர். பஞ்சசீலாவின் பக்கம் யாமீன். இருவரும் மினாங்கபாவ் மண்ணின் மைந்தர். அவ்விவாதத்திற்குப் பின் யாமீன் ஹம்காவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. 1958 பிப்ரவரியில் மேற்குச் சுமத்திராவில் மத்திய அரசுக்கெதிரான கிளர்ச்சி வெடித்தபோது யாமீன் அரசின் பக்கம் நின்று அதைக் கண்டித்தார். சொந்த ஊராரும் அவரை வெறுத்தனர்.

1962 அக்டோபரில் ஜகார்த்தாவின் இராணுவ மருத்துவமனையில் கிடந்த யாமீன், அமைச்சர் சைருல் ஸாலிஹ் வழியாக ஹம்காவுக்குச் சொல்லியனுப்பினார். தம்மைத் தலாவியில் தந்தையின் அருகே அடக்க வேண்டும் என்பதும், ஊரார் தம் உடலை ஏற்க மறுப்பர் என அஞ்சுவதால் ஹம்கா உடன் செல்ல வேண்டும் என்பதும் அவர் வேண்டுகோள். மஸ்யூமி 1960இலேயே கலைக்கப்பட்டிருந்தது. ஹம்காவுக்கு அந்த அரசின் அமைச்சர் எவருக்கும் கடமைப்பட வேண்டிய நிலை இல்லை. அவர் வந்தார். நோயாளியின் கையைப் பற்றிக்கொண்டு செவியருகே ஃபாத்திஹா ஓதினார், கலிமாவைச் சொல்லிக்கொடுத்தார். அக்டோபர் 17 அன்று யாமீன் காலமானார். ஹம்கா ஜனாஸாவுடன் மேற்குச் சுமத்திரா வரை சென்று, தலாவியில் நல்லடக்கம் முடியும் வரை இருந்தார்.

இந்த இறுதிச் செய்தியை நமக்கு எழுதித் தந்தவர் ஹம்காவின் மகன் இர்ஃபான். தந்தையின் பெருமை கூறும் மகனின் அறிவிப்பு என்று இதையும் நிறுத்துத்தான் பார்க்க வேண்டும். யாமீனின் கபுறு தலாவியில் அவர் தந்தையின் கபுறுக்கருகே இருப்பதும், அவ்வூரார் மறுக்காமல் இடம் தந்ததும் எவரும் காணத்தக்கன.